அடுத்த தடவை முடிச்சிடுறேன்மா

"சரிங்க டீச்சர்" என்று அந்த அம்மா சொன்ன விதம்தான் இன்னும் காதில் நிற்கிறது. கோபமும் இல்லை, குறையும் இல்லை. நான் மருத்துவமனை வார்டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர். மகளின் பள்ளிக்கு நான் அனுப்ப வேண்டிய அடைவுநிலை அறிக்கையை நான்காவது முறையாகக் கேட்டார். நானும் நான்காவது முறையாக, "அடுத்த தடவை வரும்போது முடிச்சிடுறேன்மா" என்றேன்.

பிள்ளைக்குத் தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தச்சோகை நோய். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வருவாள். அம்மா பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். வார்டுக்கு வரும் நாளில் கூலி கிடையாது.

வார்டில் இருக்கும் ஆசிரியர்கள் ஏன் வேலையைத் தள்ளிப்போடுகிறோம் என்று கேட்டால் எல்லோரும் நேரத்தைத்தான் சொல்வோம். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அப்புறம் மிஸி (நர்ஸ்) வந்து ஊசிக்குக் கையைப் பிடிப்பார், பாடம் அங்கேயே நிற்கும். அது பொய்யில்லை. ஆனால் இந்த அறிக்கைக்கு அரை மணி நேரம் போதும்.

அவள் என்னிடம் வருவதே உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருக்கும் நாளில்தான். உதடு வெளுத்திருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வரை வந்து நின்று, பென்சிலை மெதுவாக என் பக்கம் உருட்டிவிடுவாள். ரத்தம் ஏறி முடிய மூன்று நான்கு மணி நேரம், முகத்தில் களை வருகிற சமயத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். தெம்பாக இருக்கும் அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை, அப்படியிருக்க 'பெருக்கல் வரவில்லை' என்று எந்த மனதோடு எழுதுவது? அதனால்தான் காத்திருந்தேன். அது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சரி, அதையே எழுதியிருக்கலாமே? 'ரத்தம் ஏற்றும் நாளில் மட்டுமே இவளைப் பார்க்கிறேன், இதை வைத்து முடிவு செய்யாதீர்கள்' என்று இரண்டு வரி. அது போய்ச் சேராததால் பள்ளியில் அவளைப் படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்பில் போட்டுவிட்டார்கள். 2011-இல் மலேசியாவின் கோலாலம்பூர், அம்பாங், செர்டாங் மருத்துவமனைகளில் இந்த வார்டு வகுப்புகளைத் தொடங்கியதே பிள்ளைகளின் படிப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அவள் விஷயத்தில் அறுந்த இடம் நான்.

ஐந்தாவது தடவை அறிக்கையைக் கையில் கொடுத்தேன். ரத்த அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதை மடித்து வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தேன். அடுத்த மாதம் வருவார்தானே, அப்போது கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.