60 லிட்டரில் ஒரு பவளத்தொட்டி

நன்னீர் மீன்கள் வளர்த்துப் பழகியவர்களுக்கு உப்புநீர்த் தொட்டிமீது எப்போதும் ஒரு கண் இருக்கும். எனக்கும் இருந்தது. என்னை இழுத்தவை மீன்களைவிடப் பவளங்கள்தான். பார்த்தால் செடி, ஆனால் வாயும் வயிறும் உள்ள உயிர்.

வீட்டில் இருந்த இடத்துக்கு 60 லிட்டர் தொட்டிதான் பொருந்தியது. முதல் தொட்டியை முடிந்தவரை பெரிதாக வை என்றுதான் அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நீர் அதிகம் இருந்தால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். சிறிய தொட்டியில் காலையில் சரியாக இருந்தது மாலைக்குள் மாறிவிடும். ஆனால் சிறியதில் நீர் மாற்றுவது ஒரு வாளியோடு முடிகிற வேலை. சின்ன வேலையைத்தான் நான் வாராவாரம் தவறாமல் செய்வேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் 60 லிட்டர் என்றே முடிவு செய்தேன். நீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் இதுவே 80 கிலோவை நெருங்கும். தாங்கியை வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். தொட்டியை வைத்ததும் மட்டப்பலகை வைத்து நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டேன். நீர் நிரப்பியபின் சாய்வைச் சரிசெய்ய வழியே இல்லை.

முதலில் நீர். குழாய் நீரில் சிலிக்கேட், பாஸ்பேட், செம்பு என்று என்னென்னவோ கலந்திருக்கலாம். செம்பு மிகச் சிறிய அளவில் இருந்தாலே நத்தைகளும் பவளங்களும் தாங்காது. ஆகவே ஆர்.ஓ. சவ்வுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் அயனிகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசினும் உள்ள வடிகட்டி ஒன்றை வாங்கினேன். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரில்தான் உப்பைக் கலக்கிறேன். சமையலறையில் இருக்கும் சாதாரண ஆர்.ஓ. போதாதா என்று கேட்பார்கள். அதில் பிசின் இல்லை. போதாக்குறைக்குப் பல கருவிகள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பவும் சேர்த்துவிடும்.

உப்பு என்றால் பவளத்தொட்டிக்கென்றே விற்கும் கலவை. அதில் சோடியம் குளோரைடோடு கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் கடலில் உள்ள விகிதத்தை ஒட்டிச் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம். கல்லும் மணலும் இடத்தை அடைத்துக்கொள்வதால் என் தொட்டியில் உண்மையில் நிற்கும் நீர் 50 லிட்டர்தான். அதற்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே உப்பு தேவைப்பட்டது. நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பைக் கொட்டி வைத்து அதன்மேல் நீரை ஊற்றினால் செறிவு அதிகமான இடத்தில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்துவிடும், அப்புறம் கரையாது. சிறிய பம்ப் ஒன்றைப் போட்டு, நீர் தெளியும்வரை சுழலவிட்டு, அதன் பிறகே அளந்தேன். 25 டிகிரியில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 என்றால் உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது கடலில் உள்ளது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நான் நம்பவில்லை. அதில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பங்குச் செறிவுள்ள தரக்கரைசலை வைத்துச் சீராக்கிக்கொள்கிறேன்.

கல்லுக்கு வருவோம். 1961இல் லீ சின் எங் என்ற இந்தோனேசியர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய கல்லையும்) காற்றுக்குமிழிகளையும் கொண்டே பவளங்களை வளர்த்த முறையைப் பற்றி எழுதினார். இன்றைய பவளத்தொட்டிகளின் அடிப்படை ஏறக்குறைய அதுதான். துளைகள் நிறைந்த கல்தான் வடிகட்டி, அதன் உள்ளே குடியேறும் பாக்டீரியாக்கள்தான் வேலைக்காரர்கள். அதை நம்பித்தான், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்காமல் விட்டேன். இந்த அளவுத் தொட்டியில் அது செய்யும் வேலையை வாராந்திர நீர்மாற்றமே செய்துவிடுகிறது. ஆனால் கடலிலிருந்து எடுத்த கல்லை நான் நாடவில்லை. கல் பவளங்கள், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பின்னிணைப்பில் இருக்கின்றன. பல நாடுகளில் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதே குற்றம். உலர்ந்த கல்லும், தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய பவளத் துண்டுகளும் போதும் என்று தீர்மானித்தேன். உலர்கல்லில் வேண்டாத நண்டும் புழுவும் கூடவே வராது என்பது கூடுதல் வசதி.

கற்களை முதலில் கண்ணாடித் தரைமேல் வைத்து ஒட்டினேன், மணலை அதன் பிறகுதான் போட்டேன். மணல்மேல் கல்லை வைத்தால், தோண்டும் உயிர் ஒன்று அடியில் புகுந்து எல்லாவற்றையும் சாய்த்துவிடும். நான்கு பக்கக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே காந்தத் துடைப்பான் போய்வர இடம் விட்டேன். கல் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. பவளம் வளர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது சுழற்சி. அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் பெருகுவதற்கு வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். செத்த இறாலைப் போட்டு அழுகவிடும் பழைய வழி இருக்கிறது. நான் அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஊற்றி, பாட்டிலில் வரும் பாக்டீரியாவையும் சேர்த்தேன். விளக்கைப் போடவே இல்லை. பவளம் இல்லாத தொட்டியில் வெளிச்சம் பாசிக்குத்தான் விருந்து. ஊற்றிய 2 பி.பி.எம். அம்மோனியா ஒரு நாளுக்குள் பூஜ்யமானால் சுழற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நன்னீர்ப் பழக்கத்தில் நைட்ரைட்டைப் பார்த்துப் பதறுவோம். உப்புநீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் மீனின் செவுளில் எளிதில் நுழைவதில்லை, அதனால் அவ்வளவு ஆபத்தும் இல்லை. ஆனால் அது தொட்டியில் இருக்கும்வரை நைட்ரேட் சோதனை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இதற்கிடையில்தான் ஆவியாதல் எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்கூடாகத் தெரிந்தது. ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். 50 லிட்டரில் 3 லிட்டர் போய்விட்டால் 35ஆக இருந்த செறிவு 37ஐத் தாண்டிவிடும். அதே 3 லிட்டர் 400 லிட்டர் தொட்டியில் போனால் அளவுகோலில் தெரியக்கூடத் தெரியாது. வெயில் காலத்தில் தொட்டியைக் குளிர்விக்க விசிறி வைத்தால் ஆவியாதல் இன்னும் கூடும். அதனால் விலையுயர்ந்த விளக்குக்கு ஆசைப்படாமல், நீர்மட்டத்தைப் பார்த்துத் தானாக நன்னீர் விடும் கருவிக்குத்தான் முதலில் செலவு செய்தேன். சிறிய தொட்டிக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டாவது, ஹீட்டருக்கான வெளிக் கட்டுப்படுத்தி. ஹீட்டர்கள் பெரும்பாலும் அணையாமல் மாட்டிக்கொண்டுதான் கெடும். 50 லிட்டரை வேகவைக்க அதற்கு அதிக நேரம் ஆகாது. ஹீட்டரையும் 50 வாட்டாகவே வைத்து, வெப்பத்தை 25 முதல் 26 டிகிரிக்குள் நிறுத்தியிருக்கிறேன். மின்கம்பிகள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறும். கம்பி வழியே இறங்கும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

விளக்கைப் போட்டதும் மணல் பழுப்பானது. டயாட்டம் என்ற நுண்பாசி. புதுக் கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளர்ந்து, அது தீர்ந்ததும் தானே மறையும். அதன் பின்னால் பச்சை முடிப்பாசி வந்தது. டிரோக்கஸ் நத்தைகளை விட்டேன். இவை கவிழ்ந்தால் தாமாகவே நிமிர்ந்துகொள்ளும், அதற்காகவே எனக்குப் பிடிக்கும். மணலுக்கு நாசாரியஸ் நத்தைகள். மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புதைந்து கிடக்கும், உணவு வாசனை வந்ததும் ஒட்டுமொத்தமாக எழுந்துவரும். துறவி நண்டுகளை வாங்கவில்லை. ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

பாசியைக் கண்டதும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். செய்யாமல் இருப்பது நல்லது. இரண்டும் அடியோடு தீர்ந்த தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்பு வழவழப்பு வரும் வாய்ப்பு அதிகம். முடிப்பாசியே தேவலை என்று தோன்றவைக்கும் சமாச்சாரம் அது. பவளங்களுக்கும் இந்த இரண்டும் கொஞ்சம் வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பி.பி.எம். என்ற எல்லைக்குள் இருந்தால் நான் எதையும் தொடுவதில்லை.

மீன்கள் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் மட்டும், பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகேரியான் ஒருமுறை தொட்டிக்குள் நுழைந்தால் விரட்டுவது பெரும்பாடு. செம்பு மருந்துக்கு அது கட்டுப்படும், ஆனால் பவளம் உள்ள தொட்டியில் அதை ஊற்ற முடியாது. ஆகவே இரண்டையும் வெறுந்தொட்டி ஒன்றில் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்த்தேன். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். எங்கள் வீட்டில் யார் பெரியவர் என்ற வழக்கு தீர்ந்துவிட்டது. சின்னது பக்கவாட்டில் சாய்ந்து நடுங்கிக் காட்டும், பெரியது அதைக் கண்டுகொள்ளாமல் போகும். கடல் அனிமோன் வாங்கலையா என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அது இடம்விட்டு இடம் நகரும் பிராணி. நகர்ந்துபோய்ப் பம்ப்பில் மாட்டிக்கொண்டு சிதைந்தால் 50 லிட்டர் நீரும் கெட்டுவிடும்.

பவளங்களில் மென்மையானவற்றோடு தொடங்கினேன்: காளான் பவளம், ஸோவாந்தஸ், பச்சை நட்சத்திரப் பாலிப். கடைசியில் சொன்னதைத் தனிக் கல்லில் வைத்தேன். முதன்மைப் பாறையில் ஏறவிட்டால் தொட்டி முழுக்கப் பச்சைப் பாயாகிவிடும். ஒவ்வொரு துண்டையும் ஒட்டுண்ணிகளை உதிர்க்கும் பவளக் குளியல் திரவத்தில் முக்கி ஆட்டியபின் பார்த்தால், குளியல் பாத்திரத்தின் அடியில் தட்டைப்புழுக்கள் விழுந்து கிடப்பதுண்டு. ஒரு துண்டின் அடியில் ஐப்டேசியா இருந்தது. கிள்ளினால் ஒவ்வொரு சில்லிலிருந்தும் புதிதாக முளைக்கும் அனிமோன் அது. துண்டு ஒட்டியிருந்த அடிக்கட்டையையே வெட்டி எறிந்தேன். ஸோவாந்தஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில இனங்களில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவே கூடாது. அது ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்தால் ஆவியிலேயே குடும்பம் மொத்தமும் மருத்துவமனைக்குப் போக நேரும், போயும் இருக்கிறார்கள்.

இவற்றுக்கு வெளிச்சம் அதிகம் தேவையில்லை. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் (PAR) அளவில் 50 முதல் 150க்குள் போதும். திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் பவளத்துக்குப் பெருமளவு உணவு தருகிறது. நீல ஒளி தூக்கலான எல்.இ.டி. விளக்கைக் குறைந்த அளவில் தொடங்கி வாராவாரம் சற்றே ஏற்றினேன். திடீரென்று கூட்டினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும்.

சுத்தியல் பவளத்தைச் சேர்த்த பிறகுதான் வேதியியல் பாடம் தீவிரமானது. அது கல் எலும்பு கட்டும் இனம். காரத்தன்மை, அதாவது அந்த எலும்புக்குத் தேவையான பைகார்பனேட்டின் அளவு, அதன் அலகான டி.கே.எச்.சில் 8.5இலிருந்து இறங்க ஆரம்பித்தது, நீர்மாற்றம் மட்டும் ஈடுகட்டவில்லை. 2.8 டி.கே.எச். செலவானால் கூடவே ஏறக்குறைய 20 பி.பி.எம். கால்சியமும் செலவாகும் என்ற கணக்கு நிலையானது. அதனால் காரத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று என இருபகுதிக் கரைசல்களைத் தினமும் சம அளவில் சொட்டுகிறேன், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடைவெளி விட்டு. காரத்தன்மை 8ஆ 9ஆ என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இன்று 8, நாளை 9.5, மறுநாள் 8 என்று ஊசலாடினால்தான் பவளத்தின் நுனிகள் கருகும். சுத்தியல் பவளத்தின் கிளைகளுக்கு நடுவே இப்போது கோமாளிகள் குடியேறிவிட்டன. அனிமோன் பற்றிய கேள்விக்கு அவையே பதில் சொல்லட்டும். கற்களில் ஊதா நிறச் சுண்ணப்பாசி அங்கங்கே பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, கண்ணாடியிலும்தான். அதைச் சுரண்டத் தகடு வேண்டும்.

வாராந்திர வேலை எளிது. முந்தைய இரவே கலந்து வைத்த 5 லிட்டர் உப்புநீரைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அதே அளவு பழைய நீரை மணலைக் கிளறி உறிஞ்சிவிட்டு ஊற்றுவது. மின்சாரம் போனால் என்ன என்பதற்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று தயாராக இருக்கிறது. வெப்பம் சில மணி நேரம் தாங்கும், ஆக்ஸிஜன் தாங்காது.

ஊருக்குப் போவதுதான் கொஞ்சம் ஏற்பாடு கேட்கும். நன்னீர்க் கலனைப் பெரிதாக்கி வைத்துவிட்டால் ஆவியாதல் கவலை இல்லை. மீன் உணவு வேறு கதை. பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு மீன்கள் எப்போதும் பசியோடு இருப்பதாகவே தோன்றும், போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, உணவு டப்பாவை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.