மேசைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

வெளிநாட்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முதல் நாள். மூன்று மாதப் பயிற்சி. கொள்ளைபோன பணத்தை மீட்க மற்ற நாடுகள் அனுப்பும் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவு. இத்தனை வருடம் அனுப்பித்தான் பழக்கம். வாங்கிப் படிப்பது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, புதன்

நாற்பது பக்கக் கோரிக்கை ஒன்று. பெயர்களை எழுத மாட்டேன். குற்றக் கதையே முக்கால்வாசி. கடைசியில், "இவருடைய எல்லா வங்கிக் கணக்கு விவரங்களும் தேவை." எந்த வங்கி, எந்தக் காலம், லஞ்சத்துக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன தொடர்பு? ஒரு வரிகூட இல்லை. இப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் இங்குள்ள நீதிமன்றம் ஏற்காது. கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பினோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை நானும் எழுதினேன். திருத்தி அனுப்புவதற்குள் பணம் கைமாறிவிட்டது. அது பொதுப்பணம். இன்றைக்கும் நெஞ்சில் உறுத்துகிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று தணிக்கையாளர் பக்கத்தில் உட்காரவைத்தார். கணக்கு அறிக்கைகளை மேசை முழுக்கப் பரப்பி, பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். ஒப்பந்தத் தொகை வரவாகிறது. மறுநாளே ஒரு பங்கு 'ஆலோசனைக் கட்டணம்' என்று ஷெல் கம்பெனிக்கு, அதாவது பெயரளவில் மட்டும் இருக்கும் கம்பெனிக்கு. அங்கிருந்து மூன்று துண்டாகப் பிரிகிறது. மூன்றையும் கூட்டினேன்: வங்கிக் கமிஷன் போக அதே தொகை! நீதிபதிக்கு இந்தக் கோடு தெரிந்தால் போதும், கணக்கை முடக்க உத்தரவு கிடைக்கும்.

மார்ச் 19, புதன்

முறையான கடிதத்துக்கு முன்னால் ஒரு போன். இதைத்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இதற்காகவே 2004-ல் ஹேக் நகரில் 'கேரின்' என்ற, பல நாட்டுச் சொத்து மீட்பு அதிகாரிகளின் வலையமைப்பைத் தொடங்கினார்கள். பெருவின் முன்னாள் உளவுத்துறைத் தலைவர் மான்டெசினோஸின் ஊழல் வழக்கில் சுவிஸ் அதிகாரிகள் தாங்களாகவே கணக்குகளை முடக்கி, பெருவுக்குத் தகவல் சொன்னார்கள். 2002-ல் சுமார் 7.7 கோடி டாலர் திரும்பிப் போனது. கேட்காமலே தகவல் தர ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 56-வது பிரிவும் வழி சொல்கிறது. நாங்கள் யாரையும் கூப்பிட்டதே இல்லை. கடிதம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 28, வெள்ளி

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த வழக்கின் கோப்பினை ஊரிலிருந்து வரவழைத்தேன். புதிய வரைவு ஒன்பது பக்கம்: இன்ன தேதி, இன்ன தொகை, இன்ன கணக்கு. முதலில் முடக்கம், அப்புறம் ஆவணங்கள். பணம் கடைசியாகப் போய்ச் சேர்ந்த நாட்டின் தொடர்பு அதிகாரி திங்கள் காலை பத்து மணிக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்.