பழைய அகழாய்வுப் பதிவேடும் கணினித் தரவும்

பழைய அகழாய்வு ஏட்டோடு கணினியில் ஏற்றிய தரவை ஒப்பிட்டுச் சரிபார்க்கும்போது, எடுத்த எடுப்பில் வரிக்கு வரி படிக்க உட்காராதீர்கள். முதலில் குழிவாரியாக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஏட்டில் 212 பொருள், கணினியில் 209 என்றால் அந்த மூன்றைத் தேடினால் போதும். பெரும்பாலும் 45அ, 45ஆ என்று இடையில் செருகிய எண்கள் தட்டச்சில் ஒன்றாகிப் போயிருக்கும்.

பெரிய வில்லன் எக்செல்தான். மண்ணடுக்கு 3-4 என்று அடித்தால் அதுவே தேதியாக்கிவிடும். பிறகு டெக்ஸ்ட்டாக மாற்றினால் 45385 மாதிரி ஓர் எண்தான் மிஞ்சும். 0127-இன் முன்சுழியமும் காணாமல் போகும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட்டாக வைத்துவிடுங்கள்.

அடுத்த தலைவலி ஆழம். 2 அடி 3 அங்குலம் என்பது 68.6 செ.மீ. அதை 2.3 என்று ஏற்றி, மீட்டர் என்று வாசித்தால் பானை ஓடு ஒன்றரை மீட்டர் கீழே இறங்கி, சில நூற்றாண்டு பழசாகிவிடும்! அளந்தது தரையிலிருந்தா, நிலையான குறிமட்டத்திலிருந்தா (ஆழம் அளக்க வைத்துக்கொள்ளும் மாறாத மட்டம்) என்பதையும் பாருங்கள். ஒரே ஏட்டில் பாதியில் மாறுவதுண்டு.

பிழை உறுதியானாலும் பழைய மதிப்பை அழிக்காதீர்கள். ‘ஏட்டில் உள்ளபடி’, ‘திருத்தியது’ என்று தனித்தனி நெடுவரிசை, கூடவே பக்க எண். ஏடும் கணினியும் முரண்பட்டால் பெட்டியைத் திறந்து, ஓட்டின் மேல் மையால் எழுதிய எண்ணைப் பாருங்கள். ஒன்றா ஏழா என்ற வழக்கு பெரும்பாலும் அங்கேதான் தீரும்.