ஐந்தாவது இலை

நாடகக் குழுக்களில் என் வேலை மேடைப் பொருட்களைப் பார்த்துக்கொள்வது. நாற்காலியோ குடையோ கத்தியோ, தேவைப்படுவதைத் தேடிப்பிடிக்க வேண்டும், உடைந்தால் ஒட்ட வேண்டும், காட்சி முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். எந்தப் பொருளுக்கும் என்ன பொருள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ எடுக்கும்வரை.

எஸ்ட்ரகான், விளாதிமிர் என்ற இரண்டு பேர் ஒரு மரத்தடியில் கோடோ என்பவருக்காகக் காத்துக்கிடப்பார்கள், அவர் வரவே மாட்டார், அவ்வளவுதான் நாடகம். அதில் சாமான் கொஞ்சம்தான். மரம், பூட்ஸ், தொப்பிகள், கயிறு, சாட்டை, பெட்டி, கேரட், முள்ளங்கி, இன்னும் ஒன்றிரண்டு. பிழைத்தோம் என்று நினைத்தேன். ஆனால் முதல் வாரம் முழுக்கப் பேச்சுதான். மரம் சிலுவையா, தூக்குமரமா? கோடோ என்ற பெயருக்குள் கடவுளுக்கான ஆங்கிலச் சொல் இருக்கிறது என்றார் ஒருவர். 1953-இல் பாரிஸில் முதலில் மேடையேறியதே பிரெஞ்சில்தானே, அதில் கடவுளுக்குச் சொல்லே வேறு என்றார் இன்னொருவர். 1956-இல் இதை அமெரிக்காவில் இயக்கிய ஆலன் ஷ்னைடர், கோடோ யார் என்று பெக்கெட்டிடமே கேட்டிருக்கிறார். தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேனே என்றாராம் அவர். எங்கள் இயக்குநர் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் எஸ்ட்ரகான் பூட்ஸைக் கழற்றப் பார்ப்பான், முடியாமல் விடுவான், மறுபடி இழுப்பான். பிறகுதான் முதல் வசனம்: ஒன்றும் செய்வதற்கில்லை. எங்கள் பையன் மனிதகுலத்தின் துயரம் மொத்தத்தையும் முகத்தில் ஏற்றிக்கொண்டு அதைச் சொல்வான். கேட்கவே சங்கடமாக இருக்கும். பூட்ஸ் அவன் காலில் தொளதொளவென்று கிடந்ததை நான்தான் கவனித்தேன். மறுநாள் ஒரு சைஸ் சின்னதாகக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தான், பல்லைக் கடித்தான், மூச்சு வாங்கியது. வசனம் வெறும் எரிச்சலாக வந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் என்னவோ செய்தது.

“அண்ணே, கால் நிஜமாவே வலிக்குது” என்றான். அது போதும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

மரம் என் தலைவலி. இரண்டாம் அங்கத்தில் மொட்டை மரத்தில் நாலைந்து இலைகள் இருக்க வேண்டும் என்பது பிரதியிலேயே உள்ள குறிப்பு. இடைவேளையில் ஏணி போட்டு ஏறி, துணி இலை ஐந்தைப் பசை வைத்து ஒட்டுவேன். ஒரு நாள் பசை காயவில்லை. இரண்டு பேரும் பேச்சற்று நிற்கும் நேரத்தில் ஓர் இலை மெதுவாகச் சுழன்று விழுந்தது. விளாதிமிராக நடித்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திரைக்குப் பின்னால் எனக்கு வேர்த்துவிட்டது.

நாடகம் முடிந்து நடந்த கலந்துரையாடலில் பாதி நேரம் அந்த இலைதான். நம்பிக்கை உதிர்கிறது என்றார் ஒருவர். காலம் நகர்கிறது என்பதற்கு அது ஒன்றே சாட்சி என்றார் ஓர் அம்மா, அது எனக்கே பிடித்திருந்தது. பசை டப்பாவோடு ஓரமாக நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் இயக்குநர் அந்த இலையை வேண்டுமென்றே விழவைக்கலாம் என்றார். அயனெஸ்கோ என்ற நாடகாசிரியரின் ‘வழுக்கைத் தலைப் பாடகி’ நாடகத்துக்கு அந்தத் தலைப்பே ஒத்திகையில் ஒரு நடிகர் வாய்தவறிச் சொன்னதிலிருந்து வந்ததுதானே என்று ஆதாரமும் காட்டினார். சரி என்று மெல்லிய நூல் கட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்தோம். மூன்று முறையும் கல் மாதிரி விழுந்தது. நூலை அவிழ்த்துவிட்டு, பழையபடி பசையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.