ஒவ்வொரு தடவையும் வேற ஃபைல் பேரு

கோத்தகிரியில் நவம்பர் மழை பிடித்துவிட்டால் கடையில் என் முதல் கவலை ஜெராக்ஸ் பேப்பர். ஈரம் குடித்த தாள் சுருண்டு மிஷினுக்குள் சிக்கும். அதனால் பேப்பர் கட்டுகளையும் பழைய சிடிகளையும் ஒரே மர அலமாரியில் வைத்து, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பை ராப்பகலாக எரியவிடுவேன். அப்படியும் சில சிடிகளில் பூசணம் பூத்துவிடும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், பின்னால் வந்த எல்லாத் தொல்லைக்கும் நான் அந்தப் பூசணத்தின் மேல்தான் பழி போட்டேன்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஆன்லைன் வேலைக்கெல்லாம் புதியது. மூலையில் இருக்கும் பழையது 2005-ல் அசெம்பிள் செய்து வாங்கியது: பென்டியம் 4, 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 256 எம்பி ராம் இரண்டு, விண்டோஸ் எக்ஸ்பி. "இன்னுமாக்கா இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. அதற்குள் இருக்கும் பேஜ்மேக்கர் 7 (நோட்டீஸ், பத்திரிகை வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேர்) ஃபைல்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் என்று பதினைந்து வருடத்து வேலை அதில் கிடக்கிறது. எல்லாம் யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக இருக்கும் எழுத்து முறைக்கு, முந்திய எழுத்துருவில் அடித்தவை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. மாற்றிப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். பில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இதன் பின்னாலுள்ள அகல போர்ட்டில்தான் மாட்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் தருவதை 2014 ஏப்ரல் 8-ம் தேதி நிறுத்தியதும் நெட் வயரைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு மாட்டவில்லை.

அன்று காலை ஸ்விட்ச் போட்டால் கறுப்புத் திரையில் நாலு வரி. விண்டோஸால் தொடங்க முடியவில்லை, சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் ஃபோல்டரில் 'சிஸ்டம்' என்ற ஃபைல் இல்லை அல்லது கெட்டுவிட்டது என்றது. முந்தின நாள் நாலைந்து தடவை கரன்ட் போய் வந்தது, யுபிஎஸ் பேட்டரியும் சாகக் கிடந்தது. அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. வேலை ஃபைல் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது, சி டிரைவை ஃபார்மட் அடித்து எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சிடியை எடுத்தேன். ஓரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. முந்தானையில் துடைத்துப் போட்டேன்.

நீலத் திரையில் மஞ்சள் கோடு பாதி போனதும் நின்றது. இன்ன ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை, மறுபடி முயல என்டர், விட்டுவிட எஸ்கேப். என்டர் தட்டினேன், போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஃபைல். மறுபடி என்டர், அதுவும் போனது. மூன்றாவதுக்கு நாலு தடவை தட்டியும் அசையவில்லை. பொறுமை போய் எஸ்கேப்பை அமுக்கினேன். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அப்போதைக்குக் கதவைத் திறந்துவிடும், விட்டுப்போன ஃபைல் பிறகு எப்போதாவது தன் வேலையைக் காட்டும்.

நல்ல வேளையாக ஒரு காரியம் செய்தேன். திரையில் வந்த ஒவ்வொரு ஃபைல் பேரையும் பில் புக்கின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்.

'இன்னும் 39 நிமிடம்' என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் ஓடி ஒருவழியாக டெஸ்க்டாப் வந்தது. பென் டிரைவில் இருந்த சர்வீஸ் பேக் 3-ஐயும் (எக்ஸ்பிக்கு வந்த திருத்தங்களின் மொத்தத் தொகுப்பு) ஏற்றினேன். பேஜ்மேக்கரைத் திறந்தால் ஒரு டிஎல்எல், அதாவது அது ஓடத் தேவையான துணை ஃபைல், இல்லை என்றது. கண்ட்ரோல் பேனலில் பாதி ஐகான் திறக்கவில்லை. சிஸ்டம் ஃபைல் கெட்டிருந்தால் நல்லதை எடுத்து வைக்க எஸ்எஃப்சி ஸ்லாஷ் ஸ்கேன்நவ் (sfc /scannow) என்று ரன்னில் அடிக்க வேண்டும், அது தெரியும். அடித்தேன். சர்வீஸ் பேக் 3 சிடியைப் போடு என்றது. என்னிடம் இருப்பது 2005-ல் கம்ப்யூட்டரோடு வந்த சர்வீஸ் பேக் 2 சிடி, 3 வந்ததே 2008-ல். பழையதைப் போட்டால் தப்பான சிடி என்று தள்ளியது.

இந்த இடத்தில் நிறையப் பேர் மாட்டியிருப்பார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சிடியில் எக்ஸ்பியின் ஃபைல்கள் இருக்கும் ஐ386 (i386) ஃபோல்டரை அப்படியே சி டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், செட்டப் என்று வரிசையாகப் போனால் சோர்ஸ்பாத் என்று ஒன்று இருக்கும். அதில் சி டிரைவ் என்று மட்டும் கொடுக்க வேண்டும். ஐ386-ஐயும் சேர்த்து எழுதினால் அது ஐ386-க்குள் இன்னொரு ஐ386-ஐத் தேடும். அரை நாள் நான் கெட்டது அங்கேதான். பக்கத்திலேயே சர்வீஸ்பேக்சோர்ஸ்பாத் இருக்கும். அது விண்டோஸுக்குள் உள்ள சர்வீஸ்பேக்ஃபைல்ஸ் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், சர்வீஸ் பேக் 3-இன் ஃபைல்கள் அங்கே கிடக்கும். இரண்டையும் சரிசெய்து ரீஸ்டார்ட் போட்டதும் எஸ்எஃப்சி சிடி கேட்காமல் ஓடியது. முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டி மூடிக்கொள்ளும். எக்ஸ்பியில் அதன் சுபாவமே அப்படி.

பேஜ்மேக்கர் திறந்தது. மறுநாள் காலை வேறொரு டிஎல்எல் போச்சு.

அன்றைக்கென்று பார்த்து ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸுக்காகப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பெரியவர் ஒருவர் வந்தார். "போன வருசம் அடிச்சதேதாம்மா, தேதி மட்டும் மாத்தணும்." போன வருசம் அடித்தது டி டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. இரண்டு நாள் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார். "தேயிலைச் செடின்னா கவாத்து வெட்டினா மறுபடி துளிர்க்கும். இது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேட்டுப்பாளையத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு போன் போட்டேன். சிடியில் பூசணம், சிடி டிரைவும் பழசு, மழை வேறு என்று என் தீர்ப்பை ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏனுங்க்கா, ஒவ்வொரு வாட்டியும் ஒரே ஃபைல் பேரையா சொல்லுது?" என்றான். பில் புக்கைத் திருப்பி வாசித்தேன். ஷெல்32, ஒரு ஃபான்ட், ஒரு பிரிண்டர் ஃபைல், அப்புறம் காம்சிடிஎல்32. ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை.

"அப்ப சிடி இல்லீங்க்கா. சிடியில கீறலோ பூசணமோ இருந்தா அதே எடத்துல, அதே ஃபைல்லதான் நிக்கும். என்டர் தட்டினா போகுது, வேற எடத்துல நிக்குதுன்னா ராமைப் பாக்கோணும்."

சிடியில் ஃபைல்கள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்பியைப் போடும் செட்டப் அதை ராமுக்குள், அதாவது கம்ப்யூட்டர் வேலை நேரத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்துக்குள், விரித்துத்தான் ஹார்ட் டிஸ்கில் எழுதும். ராமில் ஒரு இடம் கெட்டிருந்தால் அந்த நேரம் அங்கே வந்து விழுந்த ஃபைல் கெடும். சில தடவை செட்டப் கண்டுபிடித்து நிறுத்துகிறது, சில தடவை கெட்டதையே எழுதிவிட்டுப் பேசாமல் போகிறது. நான் எஸ்எஃப்சி ஓட்டியபோதும் நல்ல ஃபைலை அதே ராம் வழியாகத்தான் எடுத்து வைத்திருக்கிறது. அழுக்குத் துணியால் தட்டைத் துடைத்த கதை.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சிடி ஒன்றை எழுதி அவன் கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மழையில் நின்று வாங்கி வந்தேன். விண்டோஸ் எதுவும் வேண்டாம், அந்தச் சிடியிலிருந்தே பூட் ஆகி ராமைச் சோதிக்கும். போட்டுக் கால் மணி நேரத்தில் நீலத் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

கேபினெட்டைக் கழற்றி இரண்டு ராமையும் எடுத்தேன். தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தன. பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த அழிரப்பரால் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, ஒன்றை மட்டும் மாட்டி ஓட்டினேன். சிவப்பு. ஸ்லாட் மாற்றினேன், அங்கேயும் சிவப்பு. மற்றொன்றை மாட்டிவிட்டுக் கடையைச் சாத்தி, கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பிழை பூஜ்யம். பாவம், மழையையும் பூசணத்தையும் நான் திட்டியது வீண்.

கெட்டதை எடுத்து மேசை டிராயரில் போட்டேன். 256 எம்பியோடு மறுபடி ஃபார்மட், மறுபடி எக்ஸ்பி. எக்ஸ்பி 128 இருந்தாலே ஓடும். அதே பூசணம் பூத்த சிடிதான், மஞ்சள் கோடு ஒரு இடத்தில்கூட நிற்காமல் போய்ச் சேர்ந்தது. பேஜ்மேக்கர், எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் ஏற்றி, மத்தியானத்துக்குள் நோட்டீஸும் அடித்தாகிவிட்டது.

பெரியவர் நோட்டீஸில் ஊர்ப் பேர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார். பிறகு டாட் மேட்ரிக்ஸ் கிழித்துக் கொடுத்த பில்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரியும் தீர்ந்துவிட்டது போல, அதை நான் கவனிக்கவில்லை. பில்லில் தேதி 01-01-2002.

"அப்ப அந்த வருச ரேட்டுதானேம்மா?" என்று பையிலிருந்து பணத்தை எண்ண ஆரம்பித்தார்.