ரேங்க்கை மூடிவைத்துவிட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடிப் பார்த்தேன்

குறுவை நடவு முடிந்த சமயத்தில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமின் பேரைக் கேட்டாலே எரிச்சல் வர ஆரம்பித்துவிட்டது. மன்னார்குடி பக்கம் எங்கள் வயலுக்கு ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போட வேண்டும். அதுவரை தூங்காமல் இருக்க ரேங்க் ஆட்டம், அதாவது ஆன்லைனில் யாரோடாவது புள்ளிக்காக மோதும் ஆட்டம், போட ஆரம்பித்தேன். மோட்டார் போட்டுவிட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை. தோற்றால் இன்னும் ஒன்று, ஜெயித்தாலும் இன்னும் ஒன்று. பிளாட்டினம் என்ற ரேங்க் நிலையில் ஏறிய புள்ளி விடிவதற்குள் இறங்கிவிடும். கட்டைவிரல் வலிதான் மிச்சம்.

மொத்தமாக விட்டுவிடலாமா என்று யோசித்தபோது இந்த ஆட்டத்தில் பேர்போன ஜப்பான் வீரர் டைகோ உமெஹாரா நினைவுக்கு வந்தார். சண்டை ஆட்டமே வேண்டாம் என்று மாஜாங் பக்கம் போய், பிறகு முதியோரைக் கவனிக்கும் வேலைக்குப் போனவர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்தபின் திரும்பி வந்து 2009, 2010 இரண்டு வருடமும் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் ஜெயித்தார். நமக்கு அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டாம், ரேங்க்கை மட்டும் கொஞ்ச நாள் விடுவோம் என்று முடிவு செய்தேன்.

எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: டிரைவ் இம்பாக்டுக்குப் பதில் டிரைவ் இம்பாக்ட். எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே, வண்ணச் சாயம் தெறிக்கப் பாய்ந்து விடும் பெரிய அடி அது; இருவரும் விட்டால் பின்னால் விட்டவர் அடிதான் ஜெயிக்கும். அது கிளம்பி அடி விழ 26 ஃபிரேம், அதாவது திரையில் 26 படம் ஓடும் நேரம். நொடிக்கு 60 ஃபிரேம் என்பதால் அரை நொடிகூடக் கிடையாது. மூலையில் மாட்டியிருந்தால் தடுத்தும் பயனில்லை, சுவரில் மோதி நிலைகுலைந்துவிடுவோம். பயிற்சி அறையில் எதிரே நிற்கும் பொம்மைக்கு அசைவுகளைப் பதிந்து, ஒரு பதிவில் டிரைவ் இம்பாக்ட், மற்றதில் சும்மா குத்து, இன்னொன்றில் வெறும் நடை என்று வைத்து ரேண்டமாக ஓடவிட்டேன்.

வண்ணச் சாயம் தெறிப்பதைக் கண் பிடித்துவிடுகிறது, அதில் சிக்கலே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் விரல் ஏற்கெனவே வேறு ஏதாவது பட்டனை அமுக்கியிருக்கும். அந்த அடி முடிவதற்குள் எதிர் அடி விழுந்துவிடும். ரேங்க்கில் பதற்றத்தில் காரணமில்லாமல் எத்தனை அடி விட்டுக்கொண்டிருந்தேன் என்பது இங்கேதான் உறைத்தது. நடந்து, நின்று, பட்டனைத் தொடாமல் காத்திருக்கப் பழகினேன். சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. சொல்லப்போனால் தூக்கமும் ஒழுங்காக வந்தது.

அப்புறம் திருவாரூரிலிருந்து அத்தை மகன் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதே தனி. "என்னா மச்சான், கையக் கட்டிக்கிட்டு ஆடுற?" என்று கேட்டபடியே மூலையில் டிரைவ் இம்பாக்ட் விட்டான். பதிலுக்கு நானும் விட்டேன். அவன் ஆள் மடங்கிச் சரிந்ததும் அவன் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

இப்போது மறுபடி ரேங்க் ஆடுகிறேன். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான், பயிற்சி அறைக்குப் போய்விடுவேன். இன்னும் பிளாட்டினம்தான், புள்ளிகூடக் கொஞ்சம் குறைவு. தாவி வருபவரை அடித்து இறக்குவது மட்டும் படு சொதப்பல். அடுத்து அதுதான், பொம்மைக்குத் தாவலைப் பதிந்து வைத்தாயிற்று.