எங்கள் வீட்டு ராட்டினக் கட்சிகள்

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. மதுரை செல்லூர் வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கிறது. ஏற வேண்டியவர்கள் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி என் மகள், ஒருவர் தங்கை வீட்டுக்காரர், மூன்றாவது என் அப்பா.

சண்டை முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. டிவியில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் விளம்பரம் வந்ததும், "நாளைக்குப் பிள்ளைகளை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகலாம்" என்று வாயை விட்டேன். பெங்களூரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறவன் நான். என் மனதில் பரவையில் இருக்கும் அதிசயம் தீம் பார்க்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அதிசயமா?" என்று மகள் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது. பதினோரு வயது. பெங்களூர் பக்கத்துப் பிடதியில் இருக்கும் வொண்டர்லா பார்க்கில் வளர்ந்த பிள்ளை என்றே சொல்லலாம். பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. உயரம் வேண்டும் என்பதற்காக வீட்டுச் சுவரில் மாதாமாதம் கோடு போட்டு, அந்தக் கோடு 140-ஐத் தாண்டிய நாளைப் பிறந்தநாள் போலக் கொண்டாடியவள். கிறிஸ்துமஸ் லீவில் சென்னைக்குப் போய், டிசம்பரில் திறந்த புது வொண்டர்லாவையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

தங்கை வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர். வேலைதான் மதுரையில். அவருக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரைத் தவிர மற்றதெல்லாம் தண்ணித்தொட்டி. "நீலகிரி அடிவாரம் மச்சான். அந்தக் காத்து வேற எங்க வரும்?" என்பார். இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், என்னோடு சேர்ந்து பரவையில் கத்திக் கூச்சல் போட்டு வளர்ந்த என் தங்கையும் கல்யாணம் ஆன மறுவருஷமே கட்சி மாறிவிட்டாள். இப்போது அவளும் "எங்க பிளாக் தண்டர்" என்கிறாள். அந்த "எங்க" எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அப்பா எந்தக் கட்சியும் இல்லை. "ராட்டினம் சுத்துறதுக்குக் காசு குடுத்து பரவை வரைக்கும் போகணுமாக்கும்" என்றார். அவருக்கு ராட்டினம் என்றால் சித்திரைத் திருவிழா, வைகை ஆற்று மணல், கையால் சுற்றும் மரப்பெட்டி ராட்டினம். அப்புறம் தமுக்கம் பொருட்காட்சி.

ஊருக்கு ஒரு தெய்வம் மாதிரி ஊருக்கு ஒரு பார்க் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் தாம்பரத்துக்காரர் ஒருவருக்கு நாற்பத்தைந்து வயது. இன்றைக்கும் கிஷ்கிந்தா என்று சொன்னால் கண் விரியும். 1995-ல் மலையாள சினிமாத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் அதைத் திறந்தபோது இவர் பள்ளிக்கூடப் பையன். இவருக்கும் மூத்தவர்களிடம் கேட்டால் விஜிபி பார்க்கில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரில் வந்து நிற்பார்கள். எங்கள் பெரியப்பா குடும்பத்தில் மெட்ராஸ் போனவர்கள் எல்லாரும் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியவர்கள்தான். அந்தத் தோல்வியை இன்னும் பெருமையாகச் சொல்வார்கள்.

என் கதை 2000-ல் ஆரம்பிக்கிறது. அதிசயம் திறந்த வருஷம். எனக்கு வயது பதிமூன்று. அதே வருஷம்தான் கொச்சியில் வி-கார்டு ஸ்டெபிலைசர் கம்பெனிக்காரர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி வீகாலாண்ட் என்ற பார்க்கைத் திறந்தார். அதுதான் பிற்பாடு வொண்டர்லா ஆனது. ஆக, என் கட்சியும் என் மகள் கட்சியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். இதை அவளிடம் சொன்னபோது, "அப்போ உங்க பார்க்குக்கும் இருபத்தஞ்சு வயசா? ஓகே, ரெஸ்பெக்ட்" என்றாள். அதுவரை கிடைத்ததே பெரிது.

ஆனால் கடைசியில் தீர்ப்பை மாற்றியது தங்கை மகன். ஒன்பதாவது படிக்கிறான். வருஷம் முழுக்க "அதிசயத்துல என்ன இருக்கு, நாலு தடவை போயாச்சு" என்று சலித்துக்கொள்கிறவன். பெங்களூர்க்காரி உதட்டைச் சுழித்ததும் சட்டென்று மதுரைக்காரன் ஆகிவிட்டான். "ஏய், வந்து பாத்துட்டுப் பேசு. எங்க ஊரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று எகிறினான். சொந்த ஊரை நாம் திட்டலாம், வெளியூர்க்காரன் திட்டக் கூடாது. இந்தச் சட்டத்தை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, கிளம்பினோம். செல்லூரிலிருந்து கூடல் நகர், பாத்திமா காலேஜ், விளாங்குடி தாண்டினால் பரவை. திண்டுக்கல் ரோட்டிலேயே இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஆரப்பாளையம் அல்லது பெரியாரில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். அம்மா வேனில் ஏறியதும் முதலில் கேட்டது, "திரும்பி வரும்போது பரவை மார்க்கெட்ல நிறுத்துவியா? கத்திரிக்காய் வாங்கணும்" என்பதுதான். இப்படிப்பட்ட இடங்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் போவதற்கு முன்பே வேனுக்குள் வைத்து ஆளுக்கு நான்கு இட்லியை மிளகாய்ப்பொடியோடு திணித்துவிட்டார்.

வேனில் மகள் தன் நோட்டை எடுத்து அத்தை மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை கிரெடிட் என்று அவள் சொன்னதும் நான் ஏதோ கிரெடிட் கார்டு விவகாரம் என்று பதறிப் போனேன். அது அப்படி இல்லையாம். ரோலர் கோஸ்டர் பைத்தியங்கள் தாங்கள் ஏறிய ஒவ்வொரு கோஸ்டரையும் கணக்கு வைப்பார்கள். ஒரு கோஸ்டருக்கு ஒரு கிரெடிட். ஒரே கோஸ்டரில் நூறு தடவை ஏறினாலும் ஒன்றுதான். குழந்தைகள் ஏறும் புழு ரயிலைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பதில் உலகம் முழுக்கத் தகராறு நடக்கிறதாம். மகள் சேர்க்கும் கட்சி.

நோட்டில் கோஸ்டரின் பெயர், அதற்குப் பக்கத்தில் செய்த கம்பெனி. சென்னையின் தஞ்சோராவுக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு. தஞ்சாவூரிலிருந்து வந்த பெயர். தண்டவாளம் தலைக்கு மேலே போகும், நாற்காலிகள் கீழே தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். போலிகர் அண்ட் மாபிலார்ட் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி செய்தது, இந்தியாவில் அவர்களுடைய முதல் கோஸ்டர் அதுதான் என்று அவள் சொல்லும்போது, முன் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"தொங்குற சீட்டுன்னா எடையெல்லாம் எதுல நிக்குது? சக்கரம் தண்டவாளத்துக்கு மேலயா கீழயா?"

அப்பாதான். ஹார்வி மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மேல, கீழ, பக்கவாட்டுல, மூணு பக்கமும் இருக்கு தாத்தா."

"அப்படித்தான் இருக்கணும்" என்றார். பாத்திமா காலேஜ் வந்துவிட்டது. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே போனதும் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் ஓட, அம்மா வழக்கம்போல ஒரு மரத்தடி பெஞ்சைப் பிடித்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். ஏனென்றால் இந்தப் பயணத்தில் நான் உண்மையில் பார்த்தது அந்தப் பெஞ்சைத்தான்.

ஒவ்வொரு குடும்பத்திலும் பை பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருப்பார். எங்கள் வீட்டில் அது 2000-லிருந்தே அம்மா. முதலில் பெஞ்சில் ஒரு துண்டை விரித்தார். செருப்புகளை ஜோடி ஜோடியாகப் பெஞ்சுக்கு அடியில் வரிசையாக வைத்தார். இரண்டு வாட்ச், என் மூக்குக் கண்ணாடி, தங்கையின் கழுத்துச் செயின் எல்லாம் அவருடைய சுருக்குப் பைக்குள் போனது. ஐந்து செல்போன்கள் மஞ்சள் பைக்குள். எது யாருடையது என்று கவர் நிறத்தை வைத்துத்தான் கணக்கு. நான் அலைக்குளத்தில் இருந்தபோது என் மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை. அம்மா எடுத்து, "அவன் தண்ணிக்குள்ள நிக்கிறாம்ப்பா, ஈரம் காஞ்சதும் பேசுவான்" என்று சொல்லி வைத்துவிட்டார். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. என்ன புரிந்துகொண்டாரோ, திங்கட்கிழமை வரை கூப்பிடவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் விருதுநகரிலிருந்து வந்த ஒரு ஆச்சி, ஆறு மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண், முதுகுவலி பெல்ட் போட்ட ஒரு பெரியவர். அரைமணி நேரத்தில் இவர்கள் நான்கு பேரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். யாருக்காவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் மற்றவர் இரண்டு குடும்பத்துப் பையையும் பார்த்துக்கொள்கிறார். எந்த மூலையில் நிழல் எத்தனை மணிக்கு நகரும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி மாதத்துக் காலைத் தண்ணீர் எலும்புக்குள் இறங்கியது. பற்கள் தந்தியடிக்க மாப்பிள்ளை மட்டும், "குளிருன்னா எங்க பிளாக் தண்டர்தான், இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று நடுங்கிக்கொண்டே சொன்னார். சறுக்கில் மூன்றாவது முறை போய் வந்தவர் நான்காவது முறைக்கும் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்து கொலம்பஸ். கப்பல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவது. பதிமூன்று வயதில் இப்படிப்பட்ட கப்பலில் தொடர்ந்து ஐந்து தடவை ஏறியவன் நான். இந்த முறை ஒரே தடவை. இறங்கியபோது மதுரையே ஆடியது. தட்டுத்தடுமாறி மரத்தடிக்கு வந்தேன். அம்மா ஏன், என்ன என்று கேட்கவில்லை. மஞ்சள் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த இடம் எனக்காகவே ரொம்ப நாளாகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்கு மகள் வந்தாள். பாவம் அப்பத்தா, எதிலும் ஏறாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்னி கதையைச் சொன்னாள். லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பார்க்கில் தன் இரண்டு மகள்களும் குடை ராட்டினத்தில் சுற்ற, வால்ட் டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்து சந்தோஷப்பட ஒரு இடம் ஏன் இல்லை என்று அந்தப் பெஞ்சில்தான் அவருக்குத் தோன்றியது. 1955-ல் டிஸ்னிலாண்டைத் திறந்தார்.

"அப்போ அவரும் பை பார்த்துக்கிட்டவருதானா?" என்றார் அம்மா.

"ஆமா அப்பத்தா."

"வேர்க்கடலை நல்ல யோசனை. அடுத்த தடவை வறுத்து எடுத்துட்டு வரணும்."

சாப்பிட்ட பிறகு அப்பாவையும் மகளையும் காணோம். தேடிப் போனால் கொலம்பஸ் பக்கத்துக் கம்பி வேலியில் சாய்ந்து நிற்கிறார்கள். ஏறவில்லை. வரிசையிலும் இல்லை. இருவரும் குனிந்து கப்பலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடியில டயர் ஒண்ணு சுத்துது பாரு தாயி. கப்பல் வயித்துல அது உரசும்போதுதான் தள்ளுது. மேலருந்து யாரும் ஆட்டல."

"ஊஞ்சல்ல காலை உந்துற மாதிரியா தாத்தா?"

"அதேதான். எதிர்ல வரும்போது தள்ளிரக் கூடாது. அது போற திசைக்குத்தான் தள்ளணும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா. நிறுத்துறதுக்கும் அதே டயருதான். இப்ப சத்தத்தைக் கேளு."

கேட்டார்கள். நானும் கேட்டேன். எனக்கு ஜனங்களின் அலறல் மட்டும்தான் கேட்டது.

"கிரீஸ் ஒழுங்கா போட்டிருக்கான்" என்றார் அப்பா. மில்லில் ஒரு மெஷினைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னால் அது பெரிய சான்றிதழ். மகள் நோட்டைத் திறந்து எழுதினாள். கோஸ்டர் இல்லை, அதனால் கிரெடிட் கிடையாது. தனியாக ஒரு பக்கம் போட்டு, மேலே "தாத்தா" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக இந்த இடம் என் இடம் என்று சண்டை போடுகிறேன். ஒரு தடவைகூட அந்தக் கப்பலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் குனிந்து பார்த்ததில்லை. 2000-ல் அப்பாவும் எங்களோடு வந்திருந்தார். நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது அவர் எங்கே நின்றிருந்தார் என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கத்திரிக்காய் வாங்க மறந்துவிட்டோம், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடிக்கும்போதுதான் மகள் கேட்டாள், "அப்பத்தா, நீங்க எதுலயுமே ஏறினதில்லையா?"

"ஏறியிருக்கேனே. ஒரே ஒரு தடவை."

எனக்கே புதுச் செய்தி. கல்யாணமான வருஷம், 1982. அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு மணலில் ராட்டினம் போட்டிருந்தார்கள். நான்கு மரப்பெட்டி, ஒருத்தர் கையால் சுற்றுவார். இவர்கள் இருந்த பெட்டி உச்சிக்குப் போன சமயத்தில் சுற்றுகிறவர் நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

"அந்தரத்துல நிக்கிறேன். பயத்துல உசுரு போகுது. புதுப் பொண்டாட்டியாச்சே, கையைப் பிடிப்பாருன்னு பாத்தா, உங்க தாத்தா அச்சு எப்படி மாட்டியிருக்குன்னு வெளிய எட்டி எட்டிப் பாக்குறாரு. அவரு எட்டிப் பாக்க, பெட்டி சாயுது. பீடி முடியுற வரைக்கும் சாமியைக் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். இனிமே நான் பையைப் பாத்துக்கிறேன்னு அன்னைக்கு முடிவு பண்ணதுதான்."

தங்கை சிரித்ததில் ஜிகர்தண்டா மூக்கில் ஏறிவிட்டது. அப்பா எதையும் கேட்காதவர் போல டம்ளருக்கு அடியில் தங்கிய கடல்பாசியைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"அந்த அச்சுல பேரிங் இருந்துச்சா தாத்தா?"

"மரத்துக்கு ஏது தாயி பேரிங்? விளக்கெண்ணெய்தான்."